வெள்ளைப் பட்டையும் பதியாத கைரேகையும்

பாம்பன்,
ஞாயிறு காலை

என் அன்புத் தோழிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதமும் படங்களும் வந்து நாலு நாள் ஆகிறது. கச்சான் காற்று அடிக்கிற அடியில் திண்ணையில் உட்கார்ந்து எழுத முடியவில்லை, கண்ணெல்லாம் மணல். இன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உன் மகள் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மழைக்கோட்டு, கழுத்தில் தொண்டர் அட்டை, நனையாமல் நெஞ்சோடு அணைத்த, வறுமைக்கு எதிராகக் கையெழுத்து வாங்குகிற மனுத் தாள்கள். பின்னால் கடல் மாதிரி கூட்டம். "ராக் கச்சேரிக்கு வந்தவங்ககிட்டப் போய் வறுமையைப் பத்திப் பேசினா எரிச்சல்தானே படுவாங்க, இவளுக்கு ஏன் இந்த வேலை?" என்று எழுதியிருக்கிறாய். நீயா இதைக் கேட்கிறாய்?

2005-ல் நீ உறையில் வைத்து அனுப்பிய, வறுமை ஒழிப்பு இயக்கத்தின் அடையாளமான வெள்ளைக் கைப்பட்டை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. மஞ்சள் பூத்துவிட்டது, ஆனால் அறுந்துபோகவில்லை. அந்த ஜூலை 2-ஆம் தேதி எடின்பரோ நகரத்தைச் சுற்றி வெள்ளை உடுத்தி நடந்த இரண்டு லட்சம் பேரில் நீயும் ஒருத்தி. அதே நாள் லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 கச்சேரி. 1985-ல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகக் கச்சேரி நடத்திக் காசு திரட்டிய பாடகர் பாப் கெல்டாஃப், இருபது வருஷம் கழித்துக் காசு கேட்கவில்லை, குரல் கேட்டார். ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுங்கள், வியாபார விதியை நியாயமாக்குங்கள் என்று அடுத்த வாரம் கூடவிருந்த ஜி8 என்ற எட்டு வல்லரசு நாடுகளின் தலைவர்களுக்குச் சொல்ல அந்தக் கூட்டம். 18 நாடுகளின் 4,000 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்ய அந்த நாடுகளின் கூட்டமைப்பான ஜி8-இன் நிதியமைச்சர்கள் ஜூனிலேயே இசைந்திருந்தார்கள், தலைவர்கள் அதை உறுதிசெய்தார்கள். கடன் தள்ளுபடியான ஆப்பிரிக்க நாடு ஜாம்பியா 2006-ல் கிராமத்து ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தையே எடுத்துவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கையில் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடலாம். அதைவிட என்ன வேண்டும், சொல்லு.

வெறும் காசு வசூல் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. 1971-ல் சிதார் கலைஞர் ரவிசங்கர் கேட்டு, பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காகக் கச்சேரி நடத்தினார். நுழைவுச்சீட்டில் வந்த சுமார் இரண்டரை லட்சம் டாலர் யுனிசெஃபுக்குப் போனது. அதைவிடப் பெரிய தொகை இசைத்தட்டில் வந்தது. அது அமெரிக்க வரிச் சிக்கலில் வருஷக்கணக்காக மாட்டிக்கொண்டது. பசிக்கென்று கொடுத்த காசு பசித்தவன் கைக்குப் போகாமல் நின்றதை நினைத்தால் இன்றும் என் வயிறு எரிகிறது.

லைவ் 8-லும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆப்பிரிக்கப் பாடகர்களில் பெரும்பாலோரை லண்டனைவிட்டு வெகுதூரத்தில், கார்ன்வாலில் தனி மேடையில் நிறுத்தினார்கள். ஆனால் ஹைட் பார்க்கில் பிர்ஹான் வோல்டு வந்து நின்றாள், நினைவிருக்கிறதா? 1984 பஞ்சத்தில் சாகக் கிடந்த குழந்தையாக உலகமே டிவியில் பார்த்தவள். அந்தப் பெண் உயிரோடு நிமிர்ந்து நின்றதை டிவியில் பார்த்துவிட்டுத்தான் நீ பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதை மனதில் வைத்துத்தான் இந்த வருஷம் மாதா கோயில் திருவிழாவில் நாங்களும் ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்க மேசை போட்டோம். மெல்லிசைக் கச்சேரி நடந்த இரவு, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட பெஞ்சு, நான், கடற்பாசி எடுக்கிற பெண்கள் எட்டுப் பேர். கரையில் ஒரு கழிப்பறை, ஈரத்துணி மாற்ற ஒரு அறை, குடிதண்ணீர். இவ்வளவுதான் மனு. விடியலில் கடலில் இறங்குகிறவர்கள் கரையேறும்வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடக்கிறார்கள், உனக்குத் தெரியாததா? பாசி எடுக்கிற நம்ம சின்னப்பாலம் லட்சுமி 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு வாங்கியபோது ஊரே கொண்டாடியது. கரை மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் நான்தான் எல்லாரையும் கூப்பிட்டேன். "டீச்சர் சொன்னாச் சரி" என்று மனுவைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து, நம்ம தெரு அக்கா ஒருத்தியை உட்காரவைத்தேன். நாற்பது வருஷமாகக் கடலில் மூழ்குகிறவள். அவள் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. வந்தவர்கள் முன்னால் இரண்டு கையையும் விரித்து வைத்தாள். விரலில் துணி சுற்றினாலும் பாறை விடுமா, நகத்தோரமெல்லாம் கீறல். "இந்தக் கை பறிக்கிற பாசிதான் உங்க பிள்ளை தின்ற ஐஸ்கிரீமுக்குப் போகுதாம். எங்களுக்கு ஒதுங்க இடமில்ல, தம்பி" என்றாள். கச்சேரிக்கு விசில் அடித்துக்கொண்டிருந்த பையன்கள் வரிசையில் நின்றார்கள். 312 பேர் போட்டார்கள்.

கடைசியில் அவள் முறை. மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். தாளில் நீலத் திட்டுத்தான் விழுந்தது, ஒரு கோடு இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள், அதே திட்டு. ரேகை தேய்ந்தே போயிருக்கிறது. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, இடது மோதிர விரலில்தான் கோடு தெரிந்தது. "இது ஒண்ணு மிச்சம் இருக்கு" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மனுவைக் கொடுத்துவிட்டோம். மாதம் ஒருமுறை நாலு பேராகப் போய் விசாரிக்கிறோம், விடுவதாக இல்லை.

அதனால் மகளைத் தடுக்காதே. அவளிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுது: முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்தியதும் முதல் வார்த்தையாக என்ன சொல்கிறாள்? பாட்டு நடக்கும்போதே கேட்பாளா, இடைவெளிக்குக் காத்திருப்பாளா? அடுத்த திருவிழாவுக்கு எங்களுக்குத் தேவைப்படும்.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போய்விட்டன. தங்கை மகன் அடுத்த மாதம் லண்டன் வருகிறான். நெத்திலிக் கருவாடும் சாயல்குடிக் கருப்பட்டியும் கொடுத்துவிடுகிறேன். கருவாட்டைத் தனியாகப் பிரித்து வை.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரி