இரண்டு நாள் விட்டுப்போனால்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், கருத்தடை மாத்திரையை இரண்டு நாள் போட மறந்துவிட்ட ஒரு வாசகி என்ன செய்வது என்று கேட்டிருந்தார். 'மருத்துவரை அணுகவும்' என்று ஒரே வரியில் பதில். அவர் அணுகியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? காங்கேயம் பக்கத்தில் 29 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். மாத்திரை மறந்ததைச் சொல்ல பனியன் கம்பெனிக்கு லீவு போட்டு, பஸ் ஏறி டாக்டரிடம் போன ஒரு பெண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. என்னிடமே நேராகக் கேட்க மாட்டார்கள். குழந்தைக்கு ஊசி போட்டு முடித்து, தடுப்பூசிப் பெட்டியை மூடும் நேரத்தில்தான், "ஏனுங்கக்கா, மூணு நாளு விட்டுப்போச்சு, மூணையும் சேத்துப் போட்டுக்கலாமுங்களா?" என்று மெல்ல வரும்.

சேர்த்துப் போடக் கூடாது. அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள். 21 வெள்ளைதான் கருத்தடைக்கு. வேறு நிறத்தில் இருக்கும் கடைசி 7 வெறும் இரும்புச்சத்து. ஒரே ஒரு வெள்ளை மாத்திரை விட்டுப்போனால், நினைவு வந்த நிமிடமே அதைப் போட்டுவிட்டு, அன்றைக்குரியதை வழக்கமான நேரத்தில் போட வேண்டும். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை, கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான். இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால் ஒன்றை மட்டும் உடனே போட்டு, விட்டுப்போன மற்றவற்றை எறிந்துவிட்டு, தினம் ஒன்றாகத் தொடர வேண்டும். அடுத்த 7 நாள் ஆணுறை, இல்லாவிட்டால் தள்ளிப் படுப்பது. சில கையேடுகளில் மூன்று விட்டால்தான் இந்த ஜாக்கிரதை என்று இருக்கும். மறந்த நாளைச் சரியாக எண்ணிச் சொல்பவர்கள் குறைவு என்பதால் நான் இரண்டிலேயே சொல்லிவிடுவேன்.

இரும்பு மாத்திரை எத்தனை விட்டாலும் கருத்தடைக்குக் கேடில்லை.

இதில் எங்கே பார்த்தாலும் 7 வருகிறதே என்று கேட்கலாம். சினைப்பையைத் தூங்க வைக்க 7 வெள்ளை மாத்திரை தொடர்ந்து வேண்டும். வெள்ளை மாத்திரை இல்லாமல் 7 நாள் வரை தாங்கும், அதற்கு மேல் விழித்துக்கொள்ள ஆரம்பிக்கும். அதனால்தான் மூன்றாவது வரிசையில், அதாவது மூன்றாம் வார வெள்ளையில், இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனவர்கள், மிச்ச வெள்ளையை முடித்ததும் இரும்பு வரிசையைத் தொடாமல் மறுநாளே புது அட்டை தொடங்க வேண்டும். அந்த மாதம் தூரம் (மாதவிடாய்) வராமலும் போகலாம். பயப்பட வேண்டாம்.

அட்டை நடுவில் மறப்பதைவிட மோசமானது, புது அட்டையைத் தாமதமாகத் தொடங்குவது. இதைப் பெண்கள் மறதியாகவே எண்ணுவதில்லை. எங்கள் பகுதியில் செக்கிங் வேலைக்குப் போன ஒரு பெண்ணுக்கு அட்டை வியாழக்கிழமை முடிந்தது. நான் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தேன். வேறு யாரிடமும் கேட்க அவளுக்குக் கூச்சம். செவ்வாய்க்கிழமை நான் வந்த பிறகுதான் வாங்கிப் போட்டாள். இரும்பு மாத்திரை 7 நாள், அதோடு இந்த 4 நாள், ஆக 11 நாள் வெள்ளை மாத்திரையே இல்லை. "மாத்தரை போட்டும் தங்கிருச்சுங்க" என்று லைன் வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆறேழு பேர் அதோடு மாத்திரையை நிறுத்தினார்கள். தெரியாமல் மேற்கொண்டு போட்ட மாத்திரை குழந்தையைப் பாதிக்குமோ என்று அவள் அழுதது வேறு. பாதிக்காது. அந்தப் பையன் இப்போது எட்டாம் வகுப்பு, என்னைக் கண்டால் வணக்கம் வைக்கிறான். கையில் எப்போதும் ஓர் அட்டை கூடுதலாகக் கொடுத்து வை என்று எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தானாகவும் தோன்றவில்லை.

இன்னொன்று, மாரியம்மன் நோன்பி சமயத்தில் நடப்பது. தூரத்தைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவார்கள். அது வேறு மருந்து. அதைப் போடும் நாட்களில் கருத்தடையும் ஆகிவிடும் என்று நம்பி, வீட்டில் இருக்கும் அட்டையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். மாலா-என் போடுகிறவர்கள் தள்ளிப்போட வேண்டுமென்றால் இரும்பு மாத்திரையை விட்டு அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடர்ந்தாலே போதும்.

இப்போது பலர் சாயா மாத்திரைக்கு மாறியிருக்கிறார்கள். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது, ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. வாரம் ஒரு முறைதானே என்பதாலேயே மறந்துபோகிறது. நினைவு வந்ததும் போட்டுவிட்டு, பழைய கிழமையிலேயே தொடர வேண்டும். அடுத்த தூரம் வரும்வரை ஆணுறை. 7 நாளுக்கு மேல் ஆகிவிட்டால் புதிதாகத் தொடங்குவதுபோல மறுபடி வாரம் இரண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஞாயிறு கறிக்குழம்பு நாள் என்பதால் 'கறி நாள் மாத்திரை' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பாட்டாளி அக்கா ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை.

மாலா-என் மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், விட்டுப்போனதாகக் கருதி இன்னொன்று போடுங்கள். காசநோய் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மாலா-என் சரியாக வேலை செய்யாது. டாக்டரையோ செவிலியரையோ கேட்டு வேறு வழிக்கு மாறுங்கள்.

மாலா-என் அட்டையின் முதல் வரிசையிலேயே இரண்டு மூன்று விட்டு, அந்த நாட்களில் கணவனோடு இருந்தும் விட்டால்? அப்போது அவசர கருத்தடை மாத்திரை வேண்டும். 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நம் ஊர் மருந்துக்கடைகள் பலவற்றில் கேட்டால், இல்லை என்று சொல்வதோடு ஒரு பார்வையும் பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எதைச் செய்தும் தூரம் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

இதில் பாதியையாவது ஒரு கட்டம் போட்டு, பெரிய எழுத்தில், வெட்டி எடுத்துப் பீரோ கதவில் ஒட்டும்படி அச்சிடுங்கள். என் பெயரை மட்டும் போட வேண்டாம். போட்டால், அந்த லைன் வீடு எது, அந்தப் பையன் யார் என்று எங்கள் ஊரில் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
காங்கேயம்.