இலையைத் தெருவுக்குத் தள்ளாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒக்ரோபர் கடைசி வந்துவிட்டால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் தெருவில் சனிக்கிழமை காலை முழுக்க இலை ஊதும் இயந்திரத்தின் இரைச்சல்தான். சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஊதிய இலையைச் சிலர் நேரே தெருவோரத்தில் தள்ளிவிட்டுப் போவதுதான் பொறுக்க முடியவில்லை. மாநகர சபை வண்டி வந்து அள்ளும் என்று நினைக்கிறார்கள் போலும். எங்கள் பகுதியில் அப்படி எதுவும் வராது. கடதாசிப் பையிலோ மூடியில்லாத தொட்டியிலோ போட்டு வைத்தால்தான் எடுப்பார்கள்.

தெருவில் கிடப்பது மழையோடு போய் வடிகால் கம்பித்தட்டில் படியும். மேப்பிள் இலை அகலமானது, நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தட்டு அடைபட அதிக நேரம் ஆகாது. 2024 ஜூலை மழையில் ரொறன்ரோவில் எத்தனை பேஸ்மன்டுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்பது நமக்குத் தெரியும். அது இலையால் வந்ததல்ல. ஆனால் அப்படியொரு மழை நவம்பரில் கொட்டினால், அடைபட்ட வடிகாலுக்கு யாரைக் குறை சொல்வது?

பையில் கட்டுவோரும் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் பை என்றால் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். 20 கிலோவுக்கு மேல் இருந்தாலும் எடுக்கமாட்டார்கள். ஈர இலையை அமுக்கி அடைத்தால் பையின் அடி கிழிந்துவிடும் என்பது தனிக்கதை. டிசம்பர் நடுப்பகுதியோடு சேகரிப்பும் நின்றுவிடும். நோர்வே மேப்பிள் மற்ற மரங்களுக்குப் பிந்தித்தான் உதிர்க்கும் என்பதால், அந்த மரம் நிற்கும் வீட்டுக்காரர் ஒரு முறை தவறவிட்டால் அடுத்ததற்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் ஏன் பையில் கட்டவேண்டும்? யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்குப் பசளையாகக் குழை தாட்டவென்று காசு கொடுத்து வாங்கியவர்கள் நாம். இங்கே மரம் சும்மா கொட்டுவதைப் பை வாங்கி அடைத்து வெளியே அனுப்புகிறோம். புல்வெட்டும் இயந்திரத்தைக் காய்ந்த இலைமேல் இரண்டு தரம் ஓட்டினால் தூளாகிப் புல்லுக்குள் இறங்கிவிடும். முழு இலையாகத் தடிப்பாக விட்டால்தான் பனிக்கடியில் புல் அழுகும். மீதியைச் செடிகளின் அடியிலும், கோடையில் தக்காளியும் பயற்றங்காயும் வைத்த பாத்தியிலும் பரப்பலாம். ஒக்ரோபரில் உள்ளி (வெள்ளைப்பூண்டு) நட்டவர்களுக்கு இதைவிட நல்ல போர்வை கிடைக்காது. கறுப்பு வால்நட் இலையை மட்டும் தக்காளிப் பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள், செடி வாடிவிடும். கரும்புள்ளி நோய் விழுந்த மேப்பிள் இலையைப் பையில் கட்டி அனுப்பிவிடுவது நல்லது. கம்பளிப்புழுக்களும் சில வண்ணத்துப்பூச்சிகளும் குளிர்காலத்தைக் கழிப்பது இந்தச் சருகுக்குள்தான். ராணி வண்டுத்தேனீ (bumblebee) அதற்கடியில் மண்ணுக்குள் உறங்கும்.

முற்றத்தில் நாலு இலை கிடந்தால் அயலவர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் நம்மவரிடம் கொஞ்சம் கூடுதல். அதற்காகவே ஆள் பிடித்து ஊதவைக்கிறோம். ஊத வருபவரிடம் "தெருவுக்குத் தள்ளாதே தம்பி" என்று முதலிலேயே சொல்லிவிடலாமே.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இலை எடுக்கும் நாள் ரொறன்ரோவில் ஒன்று, மார்க்கம் நகரில் ஒன்று, ஏஜக்ஸில் இன்னொன்று. தொலைபேசியில் தேடிப் பார்க்கத் தெரியாத முதியவர்கள் உங்கள் பத்திரிகையைத்தான் பார்க்கிறார்கள். செப்டம்பர் இதழ்களில் அந்த நாட்களைத் தமிழில் கட்டம் கட்டிப் போட்டீர்களென்றால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ