தார்ப்பாய் பிடித்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

கொல்லிமலைப் பாதையில் நான் ஓட்டிய ரோடு ரோலர் கவிழ்ந்து, நான் உள்ளே மாட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி விரித்துச் சொல்லவில்லை. நேராக நன்றிக்கு வருகிறேன்.

கட்டையும் கல்லும் கொடுத்து ரோலர் மேலும் சரியாமல் நிறுத்திய ஜேசிபி தம்பி, தீயணைப்பு வீரர்கள், 108 வண்டிக்காரர்கள், 70 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் கார்களை ஒதுக்கி வழிவிட வைத்த காவலர்கள், நாமக்கல் அரசு மருத்துவமனை டாக்டர்கள், நர்சுகள், ரத்தம் கொடுத்த காலேஜ் பையன்கள், எல்லோருக்கும் என் கும்பிடு. முதல் 48 மணி நேரச் சிகிச்சை, விபத்தில் சிக்கியவர்களுக்கான அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் இலவசமாக நடந்ததால் வீட்டில் யாரும் நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக்கடைக்கு ஓடவில்லை.

ஒருத்தருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வளைவில் அன்னாசி விற்கும் அக்கா. பெயர் தெரியாது. 11 டன் வண்டிக்குள் கால் மாட்டிக் கிடக்கிறேன். வாயில் என்னென்னவோ வருகிறது, உடம்பில் துணி சரியாக இல்லை. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் கையில் செல்போன். அக்கா பழத்தின்மேல் கிடந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்தார். ஒரு முனையை என் ஹெல்பர் பையனிடம் கொடுத்து, மறுமுனையைப் பிடித்தபடி மறைத்து நின்றுவிட்டார். “அவனைப் பெத்தவ இதைப் பாக்கணுமாடா?” என்று அவர் போட்ட சத்தத்தில் போன்கள் இறங்கின. அப்புறம் மழை. “பழமெல்லாம் நனையுது” என்று யாரோ கத்தியது எனக்கே கேட்டது. என்னை வெளியே எடுக்கும்வரை அவர் நகரவில்லை.

அம்மா இன்றுவரை என்னை அந்தக் கோலத்தில் பார்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் தேடிய சொந்தக்காரர்களுக்கும் கவிழ்ந்த வண்டிதான் கிடைத்தது.

இன்னொன்று. வண்டி சாய்ந்தால் குதித்துவிடு என்று தொழிலில் பழைய ஆட்கள் சொல்வார்கள். குதிக்கிறவன் சாய்கிற பக்கமே விழுந்தால் வண்டி அவன் மேல்தான் வரும். தலைக்கு மேல் இருந்த இரும்புச் சட்டமும் இடுப்பு பெல்ட்டும்தான் என்னை உள்ளேயே வைத்திருந்தன. கால் தேறி மறுபடி சீட்டில் ஏறினால், பெல்ட் போடாத எந்தப் பையனையும் என் சைட்டில் சாவியைத் தொட விடமாட்டேன்.

தார்ப்பாய் என்னோடு ஆம்புலன்சிலேயே வந்துவிட்டது. என் வீட்டுக்காரி கழுவி மடித்து வைத்திருக்கிறாள். சோளக்காடு சந்தைப் பக்கம் போகிறவர்கள் அந்த அக்காவைப் பார்த்தால் சொல்லுங்கள், மச்சான் அதை எடுத்துக்கொண்டு வருவான். நனைந்த பழத்துக்கான காசும் கொடுத்தனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லக் கூடாது.