மின்கசிவு சரி, ஆவி எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் சால்வெண்ட் பிளான்ட் ஒன்றில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரி ஆலைகளிலோ, பசை, தின்னர் கிடங்குகளிலோ தீப்பிடித்தால் மறுநாள் செய்தியில் பெரும்பாலும் ஒரே வரிதான் வருகிறது: 'மின்கசிவே காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது.' தங்கள் பத்திரிகையும் அப்படித்தான் எழுதுகிறது. பொறி எங்கே பறந்தது என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. பொறி பறந்த இடத்துக்கு எரியக்கூடிய ஆவி எப்படி வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

தவிட்டில் எண்ணெய் குறைவு. செக்கில் பிழிந்து கட்டுப்படியாகாது. அதனால் ஹெக்ஸேன் என்ற திரவத்தைத் தவிட்டின் மேல் ஓடவிட்டு எண்ணெயைக் கரைத்து எடுக்கிறோம். அப்புறம் ஸ்டீம் கொடுத்துச் சூடாக்கினால் ஹெக்ஸேன் ஆவியாகப் பிரியும். அதைக் குளிரவைத்துத் திரவமாக்கி மறுபடியும் பயன்படுத்துவோம். 69 டிகிரியிலேயே கொதித்துவிடும், எண்ணெயைச் சுலபமாகக் கரைக்கும், தண்ணீரோடு சேராது என்பதால்தான் இந்தத் தொழிலில் அதற்கு இவ்வளவு மதிப்பு. சுத்திகரித்த எண்ணெயில் 5 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 5 பங்குக்கு) மேல் ஹெக்ஸேன் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. ஆகவே தவிட்டு எண்ணெய் வாங்குகிறவர்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். என் கவலை ஆலைக்குள் நிற்கிறவர்களைப் பற்றியது, ஆலைச் சுவரை ஒட்டிக் குடியிருப்பவர்களைப் பற்றியது.

சட்டென்று ஆவியாகும் குணம்தான் ஆபத்தும். மண்ணெண்ணெயைக் கொஞ்சம் சூடாக்கினால்தான் அதன் ஆவி தீப்பிடிக்கும். ஹெக்ஸேனுக்கு மைனஸ் 20 டிகிரி குளிரே போதும். நம் ஊர் வெயிலில் அது எந்நேரமும் தயாராகத்தான் இருக்கிறது. காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சற்றே தாண்டினால் எரியத் தொடங்கிவிடும். இரண்டு லிட்டர் சிந்தி முழுவதும் ஆவியாகிக் கலந்தால், பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று அந்த அளவை எட்டிவிடும். தரையில் சிந்தியது காய்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள். காயவில்லை, காற்றில் ஏறிவிட்டது. அதுவும் மேலே போகாது. காற்றைவிட மூன்று மடங்கு கனம் என்பதால் தரையோடு தரையாக, தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்துப் போகும். குழி, கேபிள் பள்ளம், சாக்கடை எல்லாவற்றிலும் இறங்கி நிற்கும்.

எங்கள் வேலையில் மிக மோசமான நேரம் கரண்ட் போகும் நேரம். பிளான்ட் நன்றாக ஓடும்போது அவ்வளவு பயமில்லை. கரண்ட் போனால் கூலிங் டவர் பம்ப் நின்றுவிடும், ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கன்டென்சருக்குக் குளிர்ந்த தண்ணீர் வராது. ஆனால் பாய்லரில் ஸ்டீம் இருக்கிறது, ஹெக்ஸேன் கொதித்துக்கொண்டேதான் இருக்கும். குளிர வழியில்லாத ஆவி வென்ட் என்கிற வெளியேற்றுக் குழாய் வழியாகவும், குழாய் இணைப்புகளில் உள்ள கேஸ்கட் இடுக்கு வழியாகவும் வெளியே வந்து தரையில் படரும். அதனால் இருட்டில் முதலில் ஓட வேண்டியது ஸ்டீம் வால்வை மூடத்தான், ஜெனரேட்டரைப் போட அல்ல. புதிதாக வருகிற பையனுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்போம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் கன்டென்சருக்குப் போகும்படி குழாய் போட்டிருந்தால் சில நிமிடம் கிடைக்கும். அது இல்லாத ஆலையில், கரண்ட் திரும்பி வந்து ஏதோ ஒரு சாதாரண சுவிட்சில் பொறி தட்டினால் எல்லாம் முடிந்தது. 'மின்கசிவு' என்று எழுதினால் அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தத் தண்ணீர்க் குழாயைப் போடாதவர் தப்பித்துவிடுவார்.

சாக்கடை என்றேன். 1981 பிப்ரவரி 13 அன்று விடியற்காலையில் அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் தெருக்களே வெடித்துப் பிளந்தன. சோயா பதப்படுத்தும் ஆலையிலிருந்து ஹெக்ஸேன் பாதாளச் சாக்கடைக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்களின் கார் மேலே போனபோது அதிலிருந்து எழுந்த பொறியே போதுமாக இருந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் சாலை நாசம். அந்த நேரத்தில் தெருவில் நடமாட்டம் குறைவு, யாரும் சாகவில்லை. அங்கேயும் காரைக் குறை சொல்லி முடித்திருக்கலாம். சொல்லவில்லை, ஆலையைத்தான் கேட்டார்கள். ஹெக்ஸேன் தண்ணீரில் மிதக்கும். கழிவுநீரைப் பிரித்து நிறுத்தும் தொட்டி சரியாக வேலை செய்யாவிட்டால் அது மிதந்தபடியே வெளி வாய்க்காலுக்குப் போய்விடும். நம் ஊரில் அந்தத் தொட்டியை யார், எப்போது திறந்து பார்க்கிறார்கள் என்று உள்ளாட்சியில் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

பராமரிப்புக்காக பிளான்டை நிறுத்தி வெல்டிங் வைப்பது இன்னொரு கண்டம். காலியான தொட்டிதானே என்று நினைப்பார்கள். மூலையில் ஒட்டிக் கிடக்கும் புண்ணாக்கிலேயே ஹெக்ஸேன் தங்கியிருக்கும். ஸ்டீம் விட்டு வெளியேற்றி, ஆவி இருக்கிறதா என்று காட்டும் கேஸ் மீட்டரை அடியில், தரை மட்டத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுக்க வேண்டும். நின்றபடி நெஞ்சளவில் பிடித்துப் பார்த்துவிட்டு 'சரி, ஒன்றுமில்லை' என்பது கண்துடைப்பு.

தீப்பிடிக்காமலே கெடுக்கவும் ஹெக்ஸேனுக்குத் தெரியும். சீனாவின் சுஜோவில் தொடுதிரை துடைக்க, சீக்கிரம் காயும் என்று ஆல்கஹாலுக்குப் பதிலாக ஹெக்ஸேன் கொடுத்த, ஆப்பிளுக்குப் பொருள் செய்து தந்த ஆலையில் 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதாக 2011இல் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. மாதக்கணக்கில் சுவாசித்தால் நரம்பு பழுதாகி விரல் நுனிகள் மரத்துப்போகும், காலில் பலம் குறையும். காற்றோட்டமில்லாத அறையில் ஹெக்ஸேன் கலந்த செருப்புப் பசையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கால் மரத்தால் சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். டாக்டர்கள் 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

தங்கள் நிருபர்களிடம் நான் கேட்பதும் இப்படிச் சில கேள்விகளைத்தான். விபத்துக்கு முன் கரண்ட் போயிருந்ததா? கன்டென்சருக்கு மாற்றுத் தண்ணீர் இருந்ததா? வெல்டிங் நடந்ததா, அதற்கு எழுத்தில் அனுமதி இருந்ததா, கையெழுத்துப் போட்டவர் யார்? ஆவியைக் கண்டுபிடிக்கும் கருவி தரையோரம் பொருத்தப்பட்டிருந்ததா, அது வேலை செய்ததா? இந்த விவரங்களைத் தீயணைப்புத் துறையிடமும் தொழிற்சாலை ஆய்வாளரிடமும் கேட்டு வாங்கி, முதல் நாள் கிடைக்காவிட்டால் பத்து நாள் கழித்தாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஷிப்ட் மேற்பார்வையாளர்,
தஞ்சாவூர்.