எந்த விஞ்ஞானி, ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் பொதுத்தேர்வுக்குப் பத்து யோசனைகள் போட்டிருந்தீர்கள். அதில் ஒன்பதோடு எனக்குச் சண்டை இல்லை. தண்ணீர் குடி, நேரத்துக்குத் தூங்கு என்று வருடா வருடம் வருபவைதான். ஏழாவதுதான் என் வீட்டில் குடியேறிவிட்டது: 'இசை கேட்டுக்கொண்டே படித்தால் நினைவாற்றல் கூடும் என விஞ்ஞானிகள் நிரூபித்துள்ளனர்.' பிளஸ் டூ படிக்கும் என் பேரன் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டான். காதிலிருந்து இயர்போனைக் கழற்றுடா என்றால் விரலை நீட்டிச் சுவரைக் காட்டுகிறான். "பாட்டி, பேப்பர்லயே போட்டிருக்கான்."

எந்த விஞ்ஞானி, எந்த ஊரில், யாரை வைத்து நிரூபித்தார் என்று ஒரு சொல் இல்லை. ஜோதிடப் பக்கத்திலாவது கணித்தவர் பெயரைப் போடுகிறீர்கள்.

1993இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த, ஐரோப்பிய இசைமேதை மொசார்ட்டின் இசையை வைத்துச் செய்த ஆய்வை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். அது உங்களுக்குத் தெரியாததா? கலிஃபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களுக்கு மொசார்ட்டின் இரட்டைப் பியானோ இசையைப் பத்து நிமிடம் போட்டார்கள். அதை நிறுத்திய பிறகுதான் கேள்வியே கொடுத்தார்கள். அதுவும் காகிதத்தை மடித்து வெட்டினால் பிரிக்கும்போது எப்படி இருக்கும் என்பது போன்ற கேள்வி. கிடைத்த பலனும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. யாரும் மொசார்ட்டைக் கேட்டுக்கொண்டே வேதியியல் மனப்பாடம் செய்யவில்லை. பின்னால் பலர் செய்து பார்த்தும் அந்தப் பலன் சரியாகப் பிடிபடவில்லை. ஆனாலும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு அனுப்ப அரசுப் பணம் கேட்டார். அவர் ஊரிலும் மாணவர் பக்கம் வரும் போலிருக்கிறது.

என் பேரன் கேட்பது மொசார்ட்டும் இல்லை. வரிக்கு வரி வார்த்தை கொட்டுகிற சினிமாப் பாட்டு. அங்கேதான் சங்கடம். படிப்பதும் வார்த்தை, காதில் விழுவதும் வார்த்தை என்றால் ஒன்று மற்றொன்றை மிதிக்கும். இதற்கு எனக்கு ஆய்வு வேண்டாம், நானே சாட்சி. 1974இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். பக்கத்து வீட்டில் இலங்கை வானொலி சாயங்காலம் முழுக்கப் பாடும். பானிப்பட்டுப் போர்கள் மூன்று: 1526, 1556, 1761. பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்தால் பாட்டின் சரணம் முழுதாக வருகிறது, பானிப்பட்டு வரவில்லை. மூன்றாம் போரை முதல் போர் ஆண்டில் நடத்திவிட்டு வந்தேன்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். கணக்குப் போடும்போது அதே வானொலி எனக்குத் தொந்தரவாக இருந்ததில்லை. தெரிந்த கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகையில் தூக்கம் வராமல் காத்ததே அந்தப் பாட்டுதான். அப்புறம் 32 வருடம் சரித்திரம் நடத்தியபோதும் பார்த்தேன். பாட்டோடு படம் வரைகிற பிள்ளை நன்றாக வரைவான், பாட்டோடு பாடத்தை உருப்போடுகிற பிள்ளை பாட்டைத்தான் உருப்போடுவான். பிடித்த பாட்டாக இருந்தால் பரவாயில்லை என்பார்கள். 2011இல் பிரிட்டனில் அதையும் சோதித்துவிட்டார்கள். எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்கச் சொன்னபோது பிடித்த பாட்டும் கெடுத்தது, பிடிக்காத பாட்டும் கெடுத்தது. ஓசையில்லாமல் இருந்தபோது நன்றாகச் செய்தார்கள்.

எங்கள் தெருவில் ஓசையில்லாத நேரம் எங்கே என்பது வேறு விஷயம். மார்ச் மாதம், பரீட்சைக் காலம், திருவிழா என்று விடியற்காலை நாலரைக்கே குழாய் ஸ்பீக்கர் அலறுகிறது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டிலேயே விதி வந்தாயிற்று. இதைப் பற்றிப் போன வருடம் உங்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன். நீங்கள் பெரிய மனது பண்ணி மூன்று வரி போட்டீர்கள். அதில் 'ஒலிபெருக்கி' என்ற சொல்லே இல்லை. திருவிழா சிறப்பாக நடந்ததற்கு நான் நன்றி சொன்ன மாதிரி இருந்தது. கோயில்காரர்கள் வீடு தேடி வந்து பிரசாதம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சரி, அதை விடுங்கள். இந்தக் கடிதத்தையும் முழுதாகப் போடச் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு அதே மாணவர் பக்கத்தில், அதே எழுத்து அளவில் இரண்டு வரி போட்டால் போதும்: 'வார்த்தையுள்ள பாட்டைக் கேட்டுக்கொண்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். கணக்குப் போடும்போது கேட்டால் உங்கள் இஷ்டம்.' நான் சொன்னால் கேட்காத பிள்ளை நீங்கள் அச்சடித்தால் கேட்பான். பழைய வரிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுவேன், பசை வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை,
மன்னார்குடி