கடைசி ரயிலைப் பார்த்து ரூம் போடுங்கள், அக்கா

அன்புள்ள அக்கா,

உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பை நேரில் பார்க்க நீங்களும் பாப்பாவும் போகப்போகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து மனசெல்லாம் சந்தோஷம். பிளேடு ஐஸைக் கீறுகிற சத்தமும், தாவுவதற்கு முன்னால் அவர்கள் எடுக்கிற வேகமும் டிவியில் பாதிகூடத் தெரியாது. அலுப்பில்லாமல் அதைப் பார்க்க வேண்டுமானால், எங்கே தங்குவது, எதில் போய்வருவது என்ற இரண்டையும் முதலிலேயே சரியாகப் பிடித்துவிட வேண்டும். முதன்முறை போகிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

ரூம் தேடும்போது பெரும்பாலோர் அரங்கத்தின் பெயரைப் போட்டுப் பக்கத்தில் எது மலிவு என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் ஊர் சுற்ற வசதி என்று நகர மையத்தில் போடுவார்கள். நீங்கள் வேறு இடத்தில் தொடங்குங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அரங்கத்து வாசலில், தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பாப்பாவோடு நிற்கிறீர்கள். அங்கிருந்து ரூமுக்கு எப்படித் திரும்புவீர்கள்? காலையில் போவது யாருக்கும் கஷ்டமில்லை. கூட்டம் பிரிந்து பிரிந்து வரும், வண்டியும் அடிக்கடி ஓடும். சிக்கலெல்லாம் திரும்புவதில்தான்.

பதினொரு மணி எப்படி வந்தது என்றால், கணக்கு இதுதான். தனிநபர் பிரிவில் ஷார்ட் புரோகிராம் என்கிற முதல் சுற்று முடிந்ததும் முதல் 24 பேர் ஃப்ரீ ஸ்கேட் என்கிற இறுதிச் சுற்றுக்கு வருகிறார்கள், ஆறு ஆறு பேராக நான்கு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் முதலில் 6 நிமிட வார்ம்-அப். ஃப்ரீ ஸ்கேட் என்னவோ 4 நிமிடம்தான். ஆனால் பெயர் அறிவித்து, ஆடி, வணங்கி, ரசிகர்கள் ஐஸில் வீசுகிற பூவையும் பொம்மையையும் பிள்ளைகள் பொறுக்கி, மார்க் வருகிறவரை சேர்த்தால் ஒருவருக்கு 8 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். குழுவுக்கு 54 நிமிடம். நான்கு குழுவுக்கு 3 மணி 36 நிமிடம். நடுவில் ஐஸைச் சீராக்க 15 முதல் 20 நிமிடம். ஆக, மாலை 6 மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்குத்தான் கடைசி ஆள் முடிப்பார். பிறகு பதக்கம், தேசிய கீதம், வெற்றிச் சுற்று. நீங்கள் படியிறங்கி வெளியே வர 10.45 ஆகிவிடும். உலகப் போட்டிக்கு முன்னால் பல ஊர்களில் நடக்கிற கிராண்ட் பிரீ தொடர் போட்டிகளில் தனிநபர் பிரிவுக்கு 12 பேர்தான் என்பதால் ஒரு பிரிவு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒரே நாளில் பல பிரிவுகளை அடுக்குவதால் அங்கேயும் ராத்திரி நீளும்.

முடிந்ததும் பத்தாயிரம் பேர் ஒரே பத்து நிமிடத்தில் எழுந்து ஒரே ஸ்டேஷனை நோக்கி நடக்கிறார்கள். பிளாட்பாரம் நிரம்பினால் ஊழியர்கள் படிக்கட்டின் தலைப்பிலேயே கூட்டத்தை நிறுத்தி, தவணை தவணையாக உள்ளே விடுவார்கள். இரண்டு மூன்று ரயில் உங்கள் கண்முன்னே போகும். அதனால் நான் வைத்திருக்கிற விதி இது: ஆட்டம் முடியும் என்று நீங்கள் போட்ட கணக்குக்கும் கடைசி ரயிலுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரமாவது இருக்க வேண்டும். அவ்வளவு இல்லாத ஊரில் நடந்து போகிற தூரத்தில்தான் ரூம். வேறு யோசனையே வேண்டாம்.

நடக்கிற தூரம் என்று நான் சொல்வது 1.5 கிலோமீட்டர், குளிருக்குச் சுருட்டிப் போர்த்திக்கொண்டு இருபது இருபத்தைந்து நிமிடம். புக்கிங் தளங்கள் காட்டுகிற '800 மீட்டர்' பெரும்பாலும் நேர்கோட்டுத் தூரம், அதை நம்பாதீர்கள். பெரிய அரங்கங்கள் ரயில் தண்டவாளங்களுக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒட்டியே இருக்கும். நடுவே தண்டவாளம் இருந்தால் பாலம் வரை சுற்றிப் போய் அந்த 800 மீட்டர் இரண்டு கிலோமீட்டராகிவிடும். மேப்பில் நடைவழியைப் போட்டுப் பாருங்கள், பிறகு தெருக்காட்சியில் நடைபாதையும் விளக்குக் கம்பமும் இருக்கிறதா என்று பாருங்கள். சீசன் அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை ஓடுவதால் தரையில் உறைபனி இருக்க வாய்ப்புண்டு. சரிவான தெருவாக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும்.

நடக்கிற தூரத்தில் ரூம் கிடைக்கவில்லையா, வண்டி மாறாமல் போகிற தடத்தில் தேடுங்கள். வண்டி மாறி 12 நிமிடத்தில் போவதைவிட, மாறாமல் 25 நிமிடம் போவது எவ்வளவோ மேல். பகலில் மாறுவதற்கு மூன்று நிமிடம் ஆகிற இடத்தில் ராத்திரி இருபது நிமிடம் காத்திருக்க நேரும். 2026 போட்டிக்கான ப்ராக் நகரின் ஓ2 அரங்கத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோவின் பி தடத்தில் செஸ்கோமொராவ்ஸ்கா ஸ்டேஷன் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் அந்தத் தடம் போகிற எந்தப் பகுதியில் தங்கினாலும் சரிதான், அரங்கத்தை ஒட்டி அதிக விலைக்குப் போட வேண்டியதில்லை. 2025இல் போட்டி நடந்த பாஸ்டனின் டிடி கார்டன், நார்த் ஸ்டேஷனுக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் எல்லாப் போட்டியும் மெட்ரோ இருக்கிற ஊரில் நடப்பதில்லை. 2025 நவம்பரில் ஸ்கேட் அமெரிக்கா என்கிற கிராண்ட் பிரீ போட்டி நடந்த லேக் பிளாசிட் ஒரு மலையூர், அங்கே ரயிலே கிடையாது. அந்த மாதிரி ஊரில் இருக்கிற ரூம்கள் தீர்ந்தால் பக்கத்து ஊரும் வாடகைக் காரும்தான் மிச்சம். ஆகவே டிக்கெட்டுக்கு முன்பே அங்கே ரூம் போட்டுவிட வேண்டும்.

சொல்லப்போனால் எந்த ஊரானாலும் அதுதான் நல்லது. ஊரும் தேதியும் அறிவித்ததும், ரத்து செய்யக்கூடிய ரூமாகப் பார்த்துப் போட்டு வைத்துவிட்டு டிக்கெட்டுக்குக் காத்திருங்கள். டிக்கெட் விற்பனை திறந்த அன்று அரங்கத்தைச் சுற்றி விலை ஏறிவிடும். ரத்து செய்ய முடியாத ரூம் கொஞ்சம் மலிவாக இருக்கும், ஆசைப்படாதீர்கள். 2011 உலகப் போட்டி டோக்கியோவில் நடக்க வேண்டியது. மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு அதை ஏப்ரல் கடைசிக்குத் தள்ளி மாஸ்கோவுக்கு மாற்றினார்கள். 2020இல் மாண்ட்ரியால் போட்டியை, தொடங்குவதற்குச் சில நாட்களே இருக்கும்போது, மார்ச் 11 அன்று ரத்து செய்தார்கள். அதே ஊருக்குப் போட்டி திரும்பி வந்தது 2024இல். ரத்து செய்ய என்றைக்குள், எத்தனை மணிக்குள் என்பதையும் எழுதி வையுங்கள். அந்த மணி பெரும்பாலும் ஹோட்டல் இருக்கிற ஊரின் நேரம், உங்கள் நேரம் இல்லை.

இன்னொன்று. ஆரம்பத்தில் வெளியிடுகிற நேர அட்டவணை தற்காலிகமானது. எத்தனை பேர் பெயர் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தொடக்க நேரம் மாறும். பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஷார்ட் புரோகிராமில் முப்பதுக்கு மேற்பட்டோர் வந்தால் அது மதியமே தொடங்கிவிடும். விமான டிக்கெட்டை அந்த அட்டவணையை நம்பி நெருக்கிப் போடாதீர்கள். முதல் ஆட்டத்துக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

பிராக்டிஸைப் பாப்பா பார்க்காமல் விடக்கூடாது என்று நான் நினைக்கிறேன். ஐந்தாறு பேர் ஒரே சமயத்தில் ஐஸில் இருப்பார்கள், முறைவைத்து ஒவ்வொருவருடைய பாட்டும் ஒலிக்கும். அலங்கார உடை இல்லாமல், விழுந்து எழுந்து, அதே தாவலைத் திரும்பத் திரும்பச் செய்வதை அங்கேதான் பார்க்க முடியும். ஆனால் இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பிராக்டிஸ் காலை ஏழு மணிவாக்கிலேயே தொடங்கலாம். முந்தின ராத்திரி பன்னிரண்டுக்குப் படுத்து, ஏழுக்கு அரங்கில் இருக்க வேண்டுமானால், தங்கும் தூரம் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். பிராக்டிஸ் தளம் வேறு கட்டடமாக, சில சமயம் பல கிலோமீட்டர் தள்ளியும் இருக்கும் என்பது அடுத்தது. உங்கள் டிக்கெட்டில் பிராக்டிஸ் அடங்குமா, எந்தக் கட்டடம் என்று பார்த்துவிட்டு இரண்டுக்கும் வழி போடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஓடுகிற ஷட்டில் பஸ் பொதுவாக அடையாள அட்டை உள்ள வீரர்களுக்கும் அதிகாரிகளுக்கும்தான், பார்வையாளர்கள் ஏற முடியாது. 'அதிகாரபூர்வ ஹோட்டல்' என்று போட்டிருப்பதும் அணிகள் தங்குகிற இடம். அங்கே ரூம் போட்டால் பஸ்ஸும் கிடைக்கும் என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்கேட்டர்களை லிஃப்டில் பார்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். அது அவர்கள் ஓய்வெடுக்கிற இடம்.

மதிய ஆட்டத்துக்கும் மாலை ஆட்டத்துக்கும் தனித்தனி டிக்கெட் என்றால், நடுவில் அரங்கத்தைக் காலி செய்யச் சொல்வது வழக்கம். இரண்டு மணி நேர இடைவெளியில் நடந்து போய்க் கால் நீட்டிவிட்டு வர முடிகிற ரூம், பிள்ளையோடு போகிறவர்களுக்குப் பெரிய வரம்.

போக்குவரத்து பாஸ் வாங்கும்போது ஒரே ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: '24 மணி நேரம்' என்று இருக்கிறதா, 'அந்த நாள் முழுவதும்' என்று இருக்கிறதா. இரண்டாவது வகை சில ஊர்களில் நள்ளிரவோடு செத்துவிடும், 12.10க்கு டிக்கெட் இல்லாத பயணியாக நிற்பீர்கள். முதல் வகையில், முதல் நாள் மதியம் ஒரு மணிக்கு முத்திரை குத்தினால் மறுநாள் ஒரு மணிக்குத் தீரும். மறுநாள் ராத்திரி திரும்புவதற்கு அது உதவாது. ஐந்தாறு நாள் இருப்பதால் மூன்று நாள் பாஸ் இரண்டோ, ஒரு வார பாஸோ கணக்குக்குச் சரிவரும். காகித டிக்கெட்டைச் சில ஊர்களில் மெஷினில் முத்திரை குத்தினால்தான் செல்லும், ப்ராக்கும் அப்படித்தான். குத்தாமல் பையில் வைத்திருந்தால் அபராதம். தனித்தனியாக டிக்கெட் எடுப்பதானால், திரும்பி வருவதற்கான டிக்கெட்டைப் போகும்போதே எடுத்துவிடுங்கள். ராத்திரி மெஷின் முன்னால் நிற்கிற வரிசை சின்னதாக இருக்காது.

வண்டி நேரத்தை இன்று மத்தியானம் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். மேப்பில் புறப்படும் நேரத்தை அந்தச் சனிக்கிழமை இரவு 11.15 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். வெள்ளி, சனி இரவுகளில் நீட்டிக்கிற ஊர்கள் உண்டு. புதன், வியாழனில் அந்த வசதி இருக்காது. வார இறுதியில் தடப் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திப் பஸ் விடுகிற ஊர்களும் உண்டு. அந்த அறிவிப்பு சில வாரங்களுக்கு முன்புதான் வரும், போகிற வாரத்தில் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

கார் கூப்பிட வேண்டி வந்தால் அரங்க வாசலிலிருந்து கூப்பிடாதீர்கள். அங்கே சாலை அடைத்திருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும், டிரைவரும் உங்களைக் கண்டுபிடிக்க முடியாமல் ரத்து செய்துவிடுவார். கூட்டம் போகிற திசைக்கு எதிராக ஏழெட்டு நிமிடம் நடந்து, பெயர்ப் பலகை தெளிவாகத் தெரிகிற ஒரு ஹோட்டல் வாசலிலிருந்து கூப்பிடுங்கள். அந்த இடத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள்.

ரூம் போடுவதற்கு முன்னால் ஹோட்டலுக்கு ஒரு மெயில் அனுப்பிக் கேளுங்கள். வரவேற்பு மேசை ராத்திரி எத்தனை மணி வரை? பத்துக்குப் பூட்டுகிற சின்ன ஹோட்டல் என்றால் வாசல் கதவுக்கு எண் தருவார்களா? காலைச் சாப்பாடு ஏழரைக்குத்தான் என்றால், பிராக்டிஸ் நாளில் கட்டிக் கொடுப்பார்களா? கடைசி நாள் பெட்டியை மாலை வரை வைத்திருப்பார்களா? பல அரங்கங்களில் சின்னப் பை மட்டும்தான் அனுமதி, பெரிய பையைப் போட்டு வைக்கிற இடமும் இருக்காது. பெட்டியோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஐஸின் பரப்பு மைனஸ் 3 டிகிரி வாக்கில் இருக்கும், கீழ் வரிசைகளில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் காலில்தான் முதலில் குளிர் ஏறும். கம்பளிச் சாக்ஸும் உட்கார ஒரு மெத்தைத் துண்டும் பைக்குள் போகட்டும், கனமான கோட்டை உடம்பிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

பதக்கம் வென்றவர்கள் ஆடுகிற காலா ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவே விமானம் என்றால் ஹோட்டலில் பெட்டியை விட்டுவிட்டுப் போங்கள். ஸ்டேஷன் லாக்கர் அன்று காலையிலேயே நிரம்பிவிடலாம். ஞாயிறு அட்டவணையில் வண்டிகள் குறைவு, விமான நிலையத்துக்குப் போகிற நேரத்தை மறுபடி பாருங்கள். போட்டி ஐரோப்பாவில் என்றால், மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். ப்ராக் போட்டியின் கடைசி நாளான 2026 மார்ச் 29 அப்படிப்பட்ட ஞாயிறுதான். போன் தானாக மாற்றிக்கொள்ளும். கைக்கடிகாரத்தையும் ரூமில் இருக்கிற அலாரத்தையும் சனிக்கிழமை படுக்கும்போதே நீங்கள்தான் மாற்றி வைக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி