பதினோராவது வளைவைப் பார்

அன்புள்ள சேகர்,

நலம். உன் கடிதம் கிடைத்தது. ஜெர்மனியின் சாக்சென்ரிங் தடத்தில் நடக்கும் மோட்டோஜிபி பைக் ரேஸில் ஸ்பானிய ரைடர் மார்க் மார்க்கேஸ் ஜெயிப்பதற்கு ஒரே காரணம் அங்கே இடது வளைவுகள் அதிகம் என்பதுதான் என்று எழுதியிருக்கிறாய். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி வலது வளைவுகளில் இருக்கிறது. ஜெர்மனி ரேஸ் தொடங்குவதற்குள் அதை உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

தடத்தின் நீளம் 3.671 கி.மீ.; 30 சுற்று. மிக நீளமான நேர்பாதையே 700 மீட்டர்தான், அதனால் எஞ்சின் பலம் அங்கே பெரிதாக எடுபடாது. மொத்தம் 13 வளைவு, 10 இடது, 3 வலது. அந்த மூன்றும் 1, 3, 11. இடையில் 4 முதல் 10 வரை ஏழு வளைவும் இடதுதான். வண்டி அவ்வளவு நேரமும் இடப்பக்கமே சாய்ந்து கிடக்கிறது. டயரின் இடது ஓரம் கொதிக்கிறது, வலது ஓரம் தரையைத் தொடாமல் காற்றில் ஆறிக்கொண்டே வருகிறது. அதற்காகவே டயர் தயாரிக்கும் மிஷலின் நிறுவனம் இங்கே பின் டயரின் இடப்பக்கத்துக்குக் கடினமான ரப்பரும் வலப்பக்கத்துக்கு மென்மையானதும் வைத்துக் கொடுக்கிறது. அப்படியும் போதவில்லை.

பத்தாவது முடிந்ததும் ஒரு மேடு. அதன் உச்சியில் வண்டியை இடதிலிருந்து வலதுக்குப் புரட்ட வேண்டும். அங்கிருந்து தடம் சரேலென்று கீழே இறங்குகிறது, அதனால்தான் அந்த இடத்துக்கு அருவி என்று பெயர் வந்தது. மேட்டில் முன்சக்கரத்தின் மேல் இருக்கும் பாரம் ஒரு கணம் குறைகிறது. சரியாக அந்தக் கணத்தில் ஆறிப்போன ரப்பர் தரையைத் தொடுகிறது. பிரேக்கை ஒரு விரல் கூடுதலாகப் பிடித்தால் முன்பக்கம் மடங்கி வண்டி அப்படியே வழுக்கிப் படுத்துவிடும் லோசைடு. திராட்டிலைக் கொஞ்சம் முந்தித் திறந்தால் பின்சக்கரம் வழுக்கி, திடீரென்று பிடிப்புக் கிடைத்து ஆளைத் தூக்கி எறியும் ஹைசைடு. ‘அப்படியானால் மெதுவாகப் போகலாமே’ என்று கேட்பாய். மெதுவாகப் போனால் டயருக்குப் பாரம் ஏறாது, பாரம் ஏறாவிட்டால் சூடும் ஏறாது, அடுத்த சுற்றில் இன்னும் மோசம். பயந்தவனையும் விழவைக்கும் வளைவு அது.

முதல் வளைவும் அதே கதைதான். 12, 13 இரண்டும் இடது, பிறகு நேர்பாதை, அதன் முடிவில் பலமாக பிரேக் பிடித்து வலதுபுறம் திரும்ப வேண்டும். 2024-இல் முன்னணியில் இருந்த ஹோர்ஹே மார்ட்டின் கடைசிக்கு முந்தைய சுற்றில் விழுந்தது அங்கேதான். வெற்றி இத்தாலிய ரைடர் பான்யாயாவுக்குப் போனது. 2025-இல் இரண்டாம் இடத்தில் இருந்த டி ஜான்னன்டோனியோ விழுந்தார், அந்த இடத்துக்கு வந்த பெட்செக்கியும் விழுந்தார், இருவரும் அதே முதல் வளைவில். அந்த ரேஸை முடித்தவர்கள் 10 பேர்தான்.

இப்போது மார்க்கேஸுக்கு வருகிறேன். அங்கே அவர் ஜெயித்த ஆண்டுகள் இவை: கீழ்ப் பிரிவுகளில் 2010-இல் 125 சிசி, 2011, 2012-இல் மோட்டோ2; முதன்மைப் பிரிவில் 2013 முதல் 2019 வரை ஆண்டுதோறும் மோட்டோஜிபி, பிறகு 2021, 2025. இடது வளைவில் அவர் பலசாலி என்பதில் சந்தேகமே இல்லை. முட்டை வடிவ மண் தடத்தில் இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் பழகிய கால் அது. ஆனால் மண்ணில் பழகியவர் அவர் ஒருவர் மட்டுமா? முன்னாள் சாம்பியன் வாலென்டினோ ரோஸியின் பண்ணையில் வளர்ந்த பான்யாயாவும் பெட்செக்கியும்கூட மண்ணில்தான் பயிற்சி எடுக்கிறார்கள். மார்க்கேஸிடம் தனியாக இருப்பது வேறு. முன்டயர் நழுவத் தொடங்கிய பிறகும் முட்டியையும் முழங்கையையும் தரையில் ஊன்றி வண்டியைத் தூக்கிவிடுகிறார். மற்றவர்களுக்கு விபத்து என்பது தொடங்கும் இடத்தில் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தை நம்பித்தான் ஆறிய டயரின் மேல் துணிந்து பாரத்தை ஏற்றுகிறார், டயரும் சூடாகிறது.

அதற்கும் எல்லை உண்டு. 2023-இல் அதே தடத்தில், அதே மனிதர், ஹோண்டாவில் ஒரே வார இறுதியில் ஐந்து முறை விழுந்தார். இடது கட்டைவிரல் முறிந்து ஞாயிறு ரேஸிலிருந்தே விலகினார். இடது வளைவுகள் அப்போதும் பத்துதானே இருந்தன!

உன் வாதத்துக்கு இன்னும் பெரிய பதில் ஸ்பானிய ரைடர் டானி பெட்ரோசா. 2010, 2011, 2012 மூன்று ஆண்டும் முதன்மைப் பிரிவில் அங்கே ஜெயித்தவர் அவர். மார்க்கேஸுக்கு நேர் எதிரான ஓட்டம், சறுக்கலே தெரியாது. உயரம் 160 செ.மீ. பக்கம், உடல் எடையை வைத்து டயரை அழுத்தி மிரட்ட முடியாது. அவர் செய்தது இதுதான்: வளைவு முடியும்போது தன் உடம்பை உள்பக்கம் தொங்கவிட்டபடியே வண்டியை மட்டும் நிமிர்த்திவிடுவார். டயரின் ஓரத்தைவிட்டு அகலமான பகுதிக்குச் சீக்கிரம் வந்துவிடுவதால் பிடிப்பும் கிடைக்கும், ஓரமும் தேயாது. எனக்கு இன்றும் அதைவிட அழகான ஓட்டம் இல்லை.

பிரெஞ்சு ரைடர் குவார்த்தராரோ 2022-இல் அங்கே ஜெயித்தது மூன்றாவது வகை. அகலமாக வந்து, வேகத்தைக் குறைக்காமல் வளைவுக்குள் உருளவிடுவார். முன்னால் யாரும் இல்லாதபோது அது அற்புதம், யாராவது குறுக்கே நின்றால் அந்த வழியே அடைபட்டுவிடும். பான்யாயா முன்பக்கத்தை முழுதாக நம்பி, பிரேக்கைப் பிடித்தபடியே வளைவுக்குள் ஆழமாகப் போகிறவர். முன்டயரின் பிடிப்பு கைக்குத் தெரிந்தால் அவரை நிறுத்த முடியாது, தெரியாவிட்டால் பின்தங்கிவிடுவார்.

முன்டயர் என்றதும் காற்றழுத்தம் நினைவுக்கு வருகிறது. ரேஸில் 60 சதவீதச் சுற்றுகளிலாவது முன்டயரின் அழுத்தம் குறைந்தது 1.80 பார் (அழுத்த அளவு) இருக்க வேண்டும், தவறினால் 16 வினாடி தண்டனை. முன்னால் போகிறவனின் சூடான காற்றில் ஓடினால் அழுத்தம் ஏறும், டயர் தரையைத் தொடும் பரப்பு சுருங்கும், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். தனியாக முன்னால் ஓடினால் இறங்கும். 2025 தாய்லாந்தில் மார்க்கேஸ் தன் தம்பி அலெக்ஸை வேண்டுமென்றே முன்னால் விட்டுத் தான் பின்னால் ஓடியது இதற்காகத்தான். ஆகவே யாராவது காரணமில்லாமல் வழிவிட்டால் களைத்துவிட்டார் என்று முடிவுகட்டிவிடாதே.

ரேஸில் யார் எந்த வரிசையில் தொடங்குவது என்று முடிவுசெய்யும் சனிக்கிழமை தகுதிச் சுற்றையும் விடாமல் பார். பதினொன்றில் ஒருவர் விழுந்தால் மஞ்சள் கொடி, பின்னால் அந்தப் பகுதியைக் கடப்பவர்களின் சுற்று நேரம் ரத்து. நல்ல ரைடர்கள் நாலாவது வரிசைக்குப் போவது பல நேரம் அப்படித்தான். வானம் மூடியிருந்தால் தரையும் குளிரும், முதல் இரண்டு சுற்றில் 1-ஆம் வளைவில் யார் பிரேக்கை முன்னதாகப் பிடிக்கிறார் என்று கவனி.

ஞாயிறு நம் நேரம் மாலை 5.30. பத்தாவது சுற்றுக்குப் பிறகு பதினோராவது வளைவில் யாருடைய வண்டி ஆடாமல் இறங்குகிறது என்று குறித்துவைத்து எனக்கு எழுது.

அன்புடன்,
பாலா